நொச்சியா, சூடா?

யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் இருந்த காலத்தில் உம்மும்மாவுக்கு முழங்கால் வீங்கினால் மருந்து வேலியோரம்தான். நொச்சி இலையை வதக்கித் துணியில் முடிந்து ஒத்தடம் பிடிப்பா. "நொச்சிக்கு அடங்காத நோவு இல்ல மகன்" என்பா. 1990 ஒக்டோபரில் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டோம். வேலி அங்கேயே நின்றது. அந்தச் சொல் எங்களோடு வந்தது.

சொல் மெய்யா? தர்மசிறி, ரத்னசூரிய முதலான இலங்கை ஆய்வாளர்கள் நொச்சியின் முற்றிய பச்சை இலைகளின் நீர்ச்சாற்றை எலிகளுக்குப் புகட்டிச் சோதித்து 2003இல் முடிவை வெளியிட்டனர். கடற்பாசியிலிருந்து எடுக்கும் கராஜீனனைப் பாதத்தில் ஊசியால் ஏற்றினால் சில மணி நேரத்தில் வீங்கும். சாறு குடித்த எலியின் வீக்கத்தையும் குடிக்காததன் வீக்கத்தையும் அளந்து ஒப்பிடுவதே முறை. சாற்றுக்கு வீக்கத்தையும் வலியையும் தணிக்கும் ஆற்றல் உண்டென்று கண்டனர்.

ஆனால் எலி குடித்தது சாறு. உம்மும்மா பிடித்தது ஒத்தடம். சூடு மட்டுமே நோவைத் தணிக்கும். சுகம் தந்தது இலையா, சூடா? ஒரு சாராருக்கு நொச்சி ஒத்தடமும், மறுசாராருக்கு அதே சூட்டில் வெறுந்துணி ஒத்தடமும் கொடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

இப்போது உம்மாவுக்கும் முழங்கால் நோவு. குளிசையை விட்டுவிட்டு நொச்சியைக் காய்ச்சிக் குடிக்கப் போறா என்றா. "ஒத்தடம் பிடியுங்க உம்மா. குடிக்கிறதெண்டா முதலில் வைத்தியரைக் கேட்போம்" என்றேன். மருந்து தேடச் சொன்ன மார்க்கம் நமது. சோதித்துப் பார்ப்பதும் அந்தத் தேடல்தான். அது மூத்தோரை அவமதிப்பதாகாது.