டாக்சோரூபிசின்: பெயர் 'ஆன்டிபயாட்டிக்', வேலை கீமோதெரபி - மொத்த டோஸ் கணக்கை நீங்கள் ஏன் வைத்திருக்க வேண்டும்?

புனேவின் வாகட் பகுதியில் ஐடி வேலைக்காகக் குடியேறிய தமிழர்களில், ஊரில் இருக்கும் அம்மாவையோ அப்பாவையோ சிகிச்சையின் பாதியில் இங்கே அழைத்து வருபவர்களும் உண்டு. உங்கள் வீட்டில் யாருக்காவது 'சிவப்பு மருந்து' எனப்படும் டாக்சோரூபிசின் ஏற்றப்பட்டிருந்தால், ஒரு கணக்கு உங்கள் கையில் இருந்தே ஆக வேண்டும்: இதுவரை மொத்தம் எவ்வளவு?

முதலில் பெயர்க் குழப்பம். மருத்துவர்கள் இதை 'ஆன்டிட்யூமர் ஆன்டிபயாட்டிக்' என்பார்கள். "ஆன்டிபயாட்டிக்தானே, அப்போ இன்ஃபெக்‌ஷன் வராதுல்ல?" என்று கேட்கத் தோன்றும். நடப்பது நேரெதிர். மருந்து ஏறிய 10 முதல் 14 நாட்களில் வெள்ளை அணுக்கள் மிகவும் குறைந்துவிடும். அப்போது 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காய்ச்சல் வந்தால், 'காலையில் பார்க்கலாம்' என்று இருந்துவிடக் கூடாது. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பிறகு ஏன் அந்தப் பெயர்? இது மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசஸ் என்ற நுண்ணுயிரியிலிருந்து வந்தது. வாகட்டுக்குப் பக்கத்திலேயே, பிம்ப்ரியில் 1954-ல் தொடங்கப்பட்ட ஹிந்துஸ்தான் ஆன்டிபயாட்டிக்ஸ் நிறுவனம் தயாரித்த காசநோய் மருந்து ஸ்ட்ரெப்டோமைசினும் இதே குடும்பம்தான். டாக்சோரூபிசினின் பூர்வீகம் இத்தாலி மண். ஏட்ரியாட்டிக் கடலை வைத்துத்தான் 'ஏட்ரியாமைசின்' என்ற பெயரும் வந்தது.

செல் பிரியும்போது டிஎன்ஏ இழையின் முறுக்கை வெட்டி, அவிழ்த்து, மறுபடி ஒட்டுவது டோபோஐசோமெரேஸ்-2 என்ற நொதி. டாக்சோரூபிசின் டிஎன்ஏ படிகளுக்கு நடுவே செருகிக்கொண்டு, வெட்டிய இடத்தை ஒட்டவிடாமல் தடுக்கிறது. செல் செத்துப்போகிறது. வேகமாகப் பிரியும் எல்லா செல்களுக்கும் இதே கதி என்பதால்தான் முடி கொட்டுகிறது, வாய் புண்ணாகிறது.

ஓரிரு நாள் சிறுநீர் சிவப்பாகப் போகும். அது ரத்தமல்ல, மருந்தின் நிறம். ஆனாலும் பெரும்பகுதி வெளியேறுவது கல்லீரல், பித்தம் வழியாகத்தான். அதனால் பிலிருபின் அதிகமிருந்தால் டோஸைக் குறைப்பார்கள்.

இனி இதயம். முடி திரும்ப வளரும், வெள்ளை அணுக்களும் மீளும். இதயத் தசையின் சேதம் அப்படியல்ல, ஒவ்வொரு டோஸும் முந்தையதோடு கூடிக்கொண்டே போகிறது. இதயம் செயலிழக்கும் அபாயம் உடல் பரப்பளவில் சதுர மீட்டருக்கு மொத்தம் 300 மில்லிகிராமில் 1-2%, 400-ல் 3-5%, 500-ல் 6-20%. மார்பகப் புற்றுநோய்க்கு வழக்கமாகத் தரும் 60 மில்லிகிராம், 4 முறை ஏறினால் 240. அதோடு நின்றால் பெரும்பாலும் பிரச்னை இல்லை. ஆனால் சில ஆண்டுகள் கழித்து நோய் திரும்பி, புதிய மருத்துவமனையில் பழைய கணக்கு தெரியாமல் முதலிலிருந்து ஆரம்பித்தால்?

எனவே டிஸ்சார்ஜ் சம்மரியில் மருந்தின் பெயர், ஒவ்வொரு தேதியிலும் ஏறிய அளவு, கடைசி எக்கோ முடிவு மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் கேட்டு எழுதி வாங்குங்கள். எபிரூபிசின், டானோரூபிசின் ஏறியிருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள், அவையும் இதே கணக்கில் சேரும். சிகிச்சை முடிந்து பல ஆண்டுகள் ஆனபிறகு மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது, கால் வீங்குகிறது என்றாலும் 'வயசாகுதுல்ல' என்று விடாமல், இந்தத் தாளோடு இதய மருத்துவரைப் பாருங்கள்.