நொதுமி விளிம்பு விளைவு

நொதுமி விளிம்பு விளைவு என்பது, ஒரு பொருளின் மீது நொதுமிக் கற்றையைச் செலுத்தி, அது சிதறும் கோணங்களையும் செறிவையும் அளந்து, அப்பொருளில் அணுக்கள் அமைந்துள்ள முறையைக் கண்டறியும் ஆய்வு முறை ஆகும். இது நியூட்ரான் விளிம்பு விளைவு என்றும் அழைக்கப்படும். காந்தப் பொருள்கள், மின்கலப் பொருள்கள், மீகடத்திகள் ஆகியவற்றின் ஆய்வில் இம்முறை பெரிதும் பயன்படுகிறது.

அடிப்படை

துகளாகிய நொதுமிக்கு அலைப் பண்பும் உண்டு. அணு உலையில் தோன்றும் விரைவு நொதுமிகள் நீர், கனநீர் போன்ற தணிப்பான்களில் மோதி வேகம் குறைகின்றன. நொடிக்கு 2200 மீட்டர் வேகத்தில் செல்லும் நொதுமியின் அலைநீளம் ஏறத்தாழ 0.18 நானோமீட்டர் ஆகும். படிகங்களில் அணுத்தளங்களின் இடைவெளியும் ஏறக்குறைய இதே அளவினது. எனவே, பல தளங்களிலிருந்து சிதறும் அலைகள் சில கோணங்களில் ஒன்றையொன்று வலுப்படுத்தி, பிராக் விதிப்படி உச்சங்களைத் தருகின்றன.

ஊடுகதிர்களுடன் ஒப்பீடு

ஊடுகதிர்கள் எதிர்மின்னிகளால் சிதறுகின்றன. ஆதலால், எதிர்மின்னிகள் குறைந்த ஐதரசன், இலித்தியம் போன்ற தனிமங்கள் கனமான அணுக்களுக்கு இடையே இருக்கும்போது அவற்றின் இடத்தை அறிவது கடினம். நொதுமிகளோ அணுக்கருவால் சிதறுகின்றன. இச்சிதறலின் வலிமை அணு எண்ணுடன் சீராகக் கூடுவதில்லை. ஒரே தனிமத்தின் ஓரிடத்தான்களுக்கு இடையேயும் வேறுபடுகிறது. 1987 இல் இட்ரியம் பேரியம் செப்பு ஆக்சைடு என்னும் மீகடத்தியில் ஆக்சிசன் அணுக்களின் இடங்கள் இம்முறையாலேயே தெளிவாயின.

வரலாறு

சேம்சு சாட்விக் 1932 இல் நொதுமியைக் கண்டுபிடித்தார். படிகங்களில் நொதுமிகள் விளிம்பு விளைவுக்கு உட்படுவது 1936 இல் காட்டப்பட்டது. எனினும், செறிவுமிக்க கற்றைகள் அணு உலைகள் வந்த பின்னரே கிடைத்தன. அமெரிக்காவின் ஓக் ரிட்ச் ஆய்வகத்தில் எர்னசுட்டு வொல்லனும், 1946 இல் அவருடன் இணைந்த கிளிஃபர்டு சல்லும் இம்முறையை வளர்த்தனர். 1994 ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசு சல்லுக்கும் கனடாவின் பெர்ட்ராம் புரோக்கவுசுக்கும் வழங்கப்பட்டது. வொல்லன் 1984 இலேயே இறந்துவிட்டதால் அவர் பரிசுக்குரியவராக இயலவில்லை.

காந்தவியல்

நொதுமிக்கு மின்னூட்டம் இல்லை. ஆயினும் காந்தத் திருப்புத்திறன் உண்டு. ஆகையால் அது அணுக்களின் காந்தத் திருப்புத்திறன்களாலும் சிதறுகிறது. சில பொருள்களில் அணுக்காந்தங்கள் ஒன்றுவிட்டு ஒன்று எதிர்த்திசையில் அமைந்திருக்கும் என்று லூயி நீல் 1930களில் கருதினார். இத்தகைய பொருளில் மொத்தக் காந்தம் சுழியாகிவிடும். எனவே, வெளியிலிருந்து காந்தத்தை அளந்து இவ்வொழுங்கை நேரடியாகக் காண இயலாது. 1949 இல் சல்லும் இசுமார்ட்டும் மாங்கனீசு ஆக்சைடை 80 கெல்வினுக்குக் குளிர்வித்தபோது, அறை வெப்பநிலையில் இல்லாத புதிய உச்சங்கள் தோன்றின. காந்த ஒழுங்கின் அலகு, படிக அலகைப் போல் இரு மடங்கு நீளமுடையது என்பதை இவை காட்டின. நீலின் கருத்து இவ்வாறு உறுதியானது.

ஆற்றல் பொருள்கள்

மின்கலம் ஒன்று எவ்வளவு விரைவாக மின்னேறும் என்பது, அதனுள் இலித்திய அயனிகள் நகரும் வழியைப் பொறுத்தது. 2008 இல் சப்பானிய ஆய்வாளர்கள், இலித்தியம் இரும்பு பாசுபேட்டில் அயனிகள் ஒரே திசையில் வளைந்த பாதையில் செல்வதை இம்முறையால் காட்டினர். திண்ம மின்பகுளிகளின் ஆய்விலும், ஐதரசனைச் சேமிக்கும் உலோகங்களின் ஆய்விலும் இது பயன்படுகிறது.

குறைபாடுகள்

நொதுமிக் கற்றைகள் ஊடுகதிர்க் கற்றைகளை விடச் செறிவு குறைந்தவை. ஆதலால் பெரிய மாதிரிகளும் நீண்ட நேரமும் தேவைப்படுகின்றன. போரான், காட்மியம், கடோலினியம் ஆகியவை நொதுமிகளை மிகுதியாக உறிஞ்சுகின்றன. சாதாரண ஐதரசன் பின்னணிச் சிதறலைக் கூட்டுவதால், அதற்குப் பதிலாக டியூட்டீரியம் இடப்படுவது வழக்கம்.

ஆய்வு மையங்கள்

இவ்வாய்வுக்கு அணு உலை அல்லது துகள் முடுக்கி தேவை. பிரான்சின் கிரனோபிளில் உள்ள லாவே–லாஞ்செவன் நிறுவனம், இங்கிலாந்தின் ஐசிசு, ஓக் ரிட்ச்சில் 2006 இல் இயங்கத் தொடங்கிய நொதுமி மூலம் ஆகியன குறிப்பிடத்தக்கவை. இந்தியாவில், டிராம்பேயில் 1985 இல் இயக்கத்துக்கு வந்த துருவா ஆய்வு உலையில் இவ்வாய்வுகள் நடைபெறுகின்றன.