சிறுநீரக நோயும் கமக்காரர் குடும்பமும்

முள்ளந்தண்டின் இரு மருங்கிலும் அவரை விதையின் வடிவில் இரண்டு சிறுநீரகங்கள் அமைந்துள்ளன. ஒவ்வொன்றிலும் ஏறக்குறையப் பத்து இலட்சம் நுண்ணிய வடிகள் உள. அவை நாள்தோறும் ஏறத்தாழ 180 இலீற்றர் நீர்மத்தைக் குருதியிலிருந்து வடித்து, வேண்டியவற்றை மீண்டும் உடலுக்களித்து, கழிவை ஒன்றரை இலீற்றர் அளவான சிறுநீராக வெளியேற்றுகின்றன. அழிந்த வடிகள் மீண்டும் தோன்றுவதில்லை.

1990 ஆம் ஆண்டை அடுத்து வடமத்திய மாகாணத்தில், நீரிழிவோ உயர் குருதியமுக்கமோ இல்லாத கமக்காரர் பலர் சிறுநீரகம் செயலிழந்து வருந்துவது அறியப்பட்டது. மதவாச்சி, பதவியா, மெதிரிகிரியா, ஊவா மாகாணத்துக் கிராந்துருக்கோட்டை ஆகிய இடங்களில் இந்நோய் மிகுதி. வவுனியா மாவட்டத்திலும் நோயாளர் உளர்.

தந்தையை இழந்த வீட்டில் மூத்த மகனும் நோயுற்றால், "இது எங்கள் பரம்பரை விதி" என்று வீட்டார் சோர்ந்துவிடுகின்றனர். பிள்ளைகளின் திருமணம் தடைப்படுமென்று அஞ்சி நோயை மறைப்போரும் உண்டு. இவ்விரண்டும் தவறாகும்.

குடும்பத்தின் பங்கு

சில சிறுநீரக நோய்கள் உண்மையிற் பரம்பரையானவை. சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் தோன்றும் நோய் பெற்றோருள் ஒருவருக்கு இருப்பின், பெரும்பாலும் பிள்ளை ஒவ்வொன்றுக்கும் அது வரும் வாய்ப்பு இரண்டிலொன்று. நீரிழிவும் குருதியமுக்கமும் குடும்பங்களில் தொடர்ந்து வரும் இயல்புடையன.

மேற்கூறிய வரண்ட வலய நோயோ இவ்வாறு தெளிவானதன்று. 2013 ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சியொன்றில், நோயாளருள் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கே பெற்றோர் அல்லது உடன்பிறந்தாரிடமும் சிறுநீரக நோய் இருந்தது. மேலும், ஒரு குடும்பத்தார் குருதியை மாத்திரம் பகிர்ந்துகொள்வதில்லை. ஒரே கிணற்று நீரைப் பருகி, ஒரே வயலில், ஒரே வெயிலில் உழைக்கின்றனர். ஒரே விதைநெல் நன்னிலத்தில் ஒருவிதமாகவும் உவர்நிலத்தில் வேறுவிதமாகவும் விளைவதைக் கமக்காரர் அறிவர். பரம்பரை விதையை ஒக்கும். சூழல் நிலத்தை ஒக்கும்.

சூழலின் பங்கு

இந்நோய்க்கு ஒரு தனிக் காரணம் இன்னும் நிறுவப்படவில்லை. புளோரைட்டு மிகுந்த வன்னீர், கட்மியம் முதலிய உலோகங்கள், விவசாய இரசாயனங்கள், கடும் வெப்பத்தில் நீரருந்தாது உழைத்தல் ஆகியன ஆராயப்பட்டுள்ளன. எல் சல்வடோர், நிக்கராகுவா ஆகிய நாடுகளின் கரும்புத் தோட்டத் தொழிலாளரிடையேயும் இத்தகைய நோய் உண்டு. ஆங்கு வெப்பமே முக்கிய ஏதுவாகக் கருதப்படுகின்றது.

செய்ய வேண்டியவை

1. குடும்பத்தில் ஒருவர் நோயுற்றால், வளர்ந்தோர் யாவரும் அரசாங்க வைத்தியசாலையிற் குருதியையும் சிறுநீரையும் ஆண்டுதோறும் சோதிப்பித்தல் வேண்டும். தொடக்கத்தில் நோவோ வீக்கமோ தோன்றாமலிருக்கலாம். சிறுநீர்ச் சோதனை மாத்திரம் போதாது. குருதியிற் கிரியேற்றினின் அளவையும் அறிதல் அவசியம்.

2. கிணற்று நீரைச் சோதிப்பித்தல் வேண்டும். கொதிக்கவைத்தல் கிருமிகளைக் கொல்லுமேயன்றிப் புளோரைட்டை நீக்காது. முதல் மழையை ஒழுகவிட்டுப் பின்னர் சேகரித்துத் தூய்மையாகப் பேணிய மழைநீரோ, சுத்திகரிப்பு நிலைய நீரோ பருகுதற்கு ஏற்றது.

3. கடும் வேலைகளைக் காலையிலும் மாலையிலும் செய்க. தாகம் தோன்றுமுன்பே நீரருந்துக. இடையிடையே நிழலில் இளைப்பாறுக. நோயுற்றோர் நீரின் அளவை வைத்தியரிடம் கேட்டறிதல் வேண்டும்.

4. இரசாயனங்களைச் சிபார்சு செய்யப்பட்ட அளவிலேயே, கையுறையும் முகமூடியும் அணிந்து தெளித்தல் வேண்டும். தெளிகருவியைக் கிணற்றருகே கழுவலாகாது. வெறுங் கலங்களிற் குடிநீர் வைக்கலாகாது.

5. வைத்தியரின் ஆலோசனையின்றி நோவு மாத்திரைகளைத் தொடர்ந்து உட்கொள்ளற்க. ஈச்சுரமூலி சேர்ந்த மருந்துகள் சிறுநீரகத்துக்குக் கேடு விளைவிக்கும். புகைத்தலையும் விலக்குக.

பெற்றோர் வழி வந்ததை மாற்ற இயலாது; பருகும் நீரையும் உழைக்கும் முறையையும் மாற்றலாம். ஆகவே, வீட்டில் ஒருவருக்கு நேர்ந்த நோயை மறைக்காது, ஏனையோர் காலந் தாழ்த்தாது சோதனைக்குச் செல்வாராக.