எண்ணூறும் நானும் – 11: திரும்பினால் மட்டும் கேட்கும் சத்தம்

நேராகப் போனால் ஒன்றுமில்லை. ஸ்டியரிங்கை வலப்பக்கம் முழுக்க ஒடித்து மெல்ல ஆக்சிலரேட்டரை மிதித்தால் இடது முன்சக்கரத்திலிருந்து ‘டக்... டக்... டக்’. போன வாரம் பிரேக்கைச் சரிசெய்த மகிழ்ச்சி இரண்டு நாள்கூட நீடிக்கவில்லை.

மெக்கானிக் பாய் குனியாமலேயே சொல்லிவிட்டார்: “ஆக்ஸில் தம்பி. வீல் சைடு ஜாயின்ட் போச்சு.” சக்கரத்தின் உட்பக்கம் முழுக்கக் கறுப்பு கிரீஸ் தெறித்திருந்தது. மூட்டை மூடியிருக்கும் மடிப்பு மடிப்பான ரப்பர் உறையில் விரல் நீளத்துக்கு ஒரு கிழிசல்.

அம்பாசிடரிலும் பத்மினியிலும் முன்சக்கரத்துக்குத் திரும்புகிற வேலை மட்டும்தான். வண்டியைத் தள்ளுவது பின்சக்கரம். 1983 டிசம்பரில் வந்த மாருதி 800-ல் முன்சக்கரமே இழுக்கவும் வேண்டும், திரும்பவும் வேண்டும். அதற்குச் சக்தி கொண்டுவரும் தண்டு வளைந்தபடியே சுழல வேண்டும். அம்பாசிடரின் அடியில் இருக்கும் ‘கிராஸ்’ மூட்டு இதற்குப் போதாது. 30 டிகிரி வளைவில் ஒரு பக்கம் சீராக 100 என்ற வேகத்தில் சுழன்றால், மறுபக்கம் 87-க்கு இறங்கி 115-க்கு ஏறும். அதுவும் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை. ஸ்டியரிங் கையில் துள்ளும்.

இதற்கு ஆல்பிரெட் ஸெப்பா என்ற பொறியாளர் 1920-களில் வழி கண்டார். வெளியே ஒரு கிண்ணம், உள்ளே ஒரு நட்சத்திரம், இரண்டிலும் ஆறாறு பள்ளங்கள், நடுவே ஒரு கூண்டில் ஆறு எஃகுக் குண்டுகள். தண்டு எவ்வளவு வளைந்தாலும் குண்டுகள் அந்தக் கோணத்தின் சரிபாதியில் போய் நிற்கும், இரு தரப்புக்கும் பொதுவான பஞ்சாயத்துக்காரர் போல. அதனால் வாங்கிய வேகம் கூடாமல் குறையாமல் மறுபக்கம் போய்ச் சேரும். இந்த மூட்டுக்கு வழங்கும் சி.வி. என்ற பெயருக்கு மாறாத வேகம் என்றுதான் பொருள். 1959-ல் இங்கிலாந்தில் வந்த மினி கார் இதைச் சாதாரண மக்களின் வண்டிக்குக் கொண்டுவந்தது.

“இடது ஜாயின்ட்டை வலதுக்கும் வலதை இடதுக்கும் மாத்திப் போட்டா இன்னும் கொஞ்ச நாள் ஓடும்” என்றார் பாய். பள்ளத்தின் ஒரு பக்கச் சுவர்தான் தேய்ந்திருக்கும்; மாற்றினால் மறுசுவர் வேலைக்கு வரும். நல்ல யோசனைதான். ஆனால் நான் ஏற்கெனவே ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் புது மூட்டு வாங்கி வந்திருந்தேன்.

வண்டி தரையில் நிற்கும்போதே, ஒருவர் பிரேக்கை மிதித்துக்கொள்ள, ஆக்ஸில் நட்டைத் தளர்த்தினோம். தூக்கி நிறுத்திய பிறகு அது அசையாது. கியர்பாக்ஸ் ஆயிலை வடித்து, கீழ்க்கையின் பால் ஜாயின்ட்டைப் பிரித்து, ஆயில் சீலில் கீறல் விழாமல் தண்டை வெளியே எடுத்தோம். வைஸில் பிடித்து நட்சத்திரத்தின் மேல் பித்தளைத் துண்டு வைத்து ஓங்கி ஓர் அடி. மூட்டைத் தண்டோடு பூட்டியிருக்கும் சர்க்ளிப் வளையம் விட்டுக்கொடுத்தது. பழைய மூட்டின் பள்ளத்தில் நகத்தை ஓட்டினேன். ஓரிடத்தில் தட்டி நின்றது. இத்தனை நாள் கேட்ட ‘டக்’ அந்தக் குழிதான்.

புது சர்க்ளிப்பை மாட்டி, மூட்டைத் தண்டின் பற்களில் பொருத்தி, மரச் சுத்தியலால் தட்டினேன். ‘டிக்’ என்று பூட்டிக்கொண்டது. இழுத்துப் பார்த்தேன், வரவில்லை. பெருமையோடு நிமிர்ந்தால், பாய் பெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தார். புது ரப்பர் உறை அங்கே மடிப்புக் கலையாமல் கிடந்தது. மூட்டுக்கு முன்னால் போக வேண்டியது அது. தண்டின் மறுமுனையில் இன்னொரு மூட்டு இருப்பதால் அந்த வழியாகவும் நுழைக்க முடியாது.

திரும்பவும் வைஸ், பித்தளை, அடி. கசங்கிய சர்க்ளிப்பை எறிந்துவிட்டு இன்னொன்று வாங்கி வந்தேன். இம்முறை தண்டின் பற்கள் உறையைக் கிழிக்காமலிருக்க டேப் சுற்றி, முதலில் சிறிய கிளாம்ப், அடுத்து உறை, கடைசியில் மூட்டு. மூட்டுடன் வந்த மாலிப்டினம் கலந்த கறுப்பு கிரீஸைக் குண்டுகளுக்கிடையே விரலால் திணித்தேன். உள்ளே அடைபட்ட காற்று உறையை உப்ப வைக்கும். ஸ்குரூடிரைவர் நுனியால் ஓரத்தைத் தூக்கி அதை வெளியேற்றிய பிறகுதான் கிளாம்ப்பை இறுக்கினோம்.

பழைய மூட்டை ஓட்டம் தேய்க்கவில்லை. கிழிசல் வழியே கிரீஸ் வெளியேறி மணல் உள்ளே போனது. மிச்சமிருந்த கிரீஸும் மணலும் கலந்து எஃகை அரைத்தன. முதல் நாளே கவனித்திருந்தால் உறையை மட்டும் மாற்றி முடித்திருக்கலாம்.

மாலையில் பட்டறை வாசலில் வலப்பக்கம் முழுக்க ஒடித்து மூன்று சுற்று வந்தேன். சத்தமில்லை. பாய் கையைத் துடைத்தபடி, “மாசத்துக்கு ஒருவாட்டி டார்ச் அடிச்சு அந்த ரப்பரைப் பாருங்க தம்பி. ஜாயின்ட்டைப் பாக்கவே வேணாம்” என்றார்.

(அடுத்த வாரம்: வடித்த ஆயிலில் மின்னிய இரும்புத் துகள்கள்)