காற்றுக்கு அடைத்த சக்கரங்கள்

பழவேற்காடு மகிமை மாதா திருத்தலத்தின் முன்னால் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து நிற்கும் வாகனங்களிடையே, அண்மைக் காலமாகப் பச்சை நிற எண்பலகை தாங்கிய மின்சாரக் கார்களையும் காண்கிறோம். ஓசையின்றி வருகின்றன, ஓசையின்றிப் போகின்றன. அவற்றின் சக்கரங்களை உற்று நோக்கியவர்கள் ஒரு புதுமையைக் கவனித்திருப்பார்கள். பழைய கார்களின் சக்கரத்தில் ஆரக்கால்களுக்கு இடையே கை நுழையும் அளவுக்கு இடைவெளி இருக்கும். இவற்றிலோ அந்த இடைவெளிகளில் பெரும்பகுதி தட்டு வைத்து அடைத்ததுபோல் மூடப்பட்டிருக்கிறது. அழகுக்காகச் செய்தது என்று பலர் எண்ணுகின்றனர். கோட்டைக்குப்பத்துப் பெரியவர் ஒருவர் அப்படி எண்ணவில்லை. "இதுல என்ன அதிசயம் இருக்குதுங்க ஐயா? நாங்க படகு அடியில பாசி சுரண்டலையா? அவங்க சக்கரத்துல ஓட்டையை அடைக்கிறாங்க" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

பொறியியல் கல்லூரிகளில் பல பக்கங்களில் கற்பிக்கப்படுவதைத்தான் அவர் கூறினார் என்பது நமது கருத்து. படகின் அடியில் பாசியும் சிப்பியும் ஒட்டிக்கொண்டால், அதே தொலைவுக்கு அதிக எண்ணெய் செலவாகும் என்பதை ஏரியிலும் கடலிலும் தொழில் செய்யும் எந்தக் குடும்பமும் அறியும். அதற்கு முந்திய தலைமுறை தோள் வலியினால் அதனை அறிந்திருந்தது. கலிலேயக் கடலில் எதிர்க்காற்றில் தண்டு வலித்துச் சோர்ந்துபோன சீடர்களின் நிலையை நம் கரையோர மக்களுக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. தண்ணீர் படகைப் பிடித்து இழுப்பது போலவே காற்றும் காரைப் பிடித்து இழுக்கிறது. காற்று கண்ணுக்குத் தெரியாததால் நாம் அதனை மறந்துவிடுகிறோம்.

இந்த இழுப்பு வேகத்தோடு நேராக ஏறுவதில்லை. வேகம் இரு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகிறது. பொன்னேரியிலிருந்து பழவேற்காட்டுக்கு வரும் சாலையில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்து வரும்போது காற்று ஒரு பொருட்டே அன்று. அங்கே சக்தியை உண்பது டயர் சாலையில் உருளும் உராய்வும், அடிக்கடி நின்று புறப்படுவதும்தான். அதே கார் தச்சூர் கூட்டுச்சாலையில் கல்கத்தா நெடுஞ்சாலையை அடைந்து 60, 70 கிலோமீட்டரைத் தாண்டியதும் காற்றின் எதிர்ப்பு சாலையின் உராய்வை மிஞ்சத் தொடங்குகிறது.

காரின் உடலைவிடச் சக்கரத்துக்கு இதில் ஒரு தனிப் பங்கு உண்டு. கார் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது, சக்கரத்தின் அடிப்பகுதி தரையைத் தொடும் கணத்தில் அசையாமல் நிற்கிறது. அதன் உச்சிப்பகுதியோ மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தில் முன்னோக்கிப் பாய்கிறது! நம்ப முடியாதவர்கள் ஒரு சாட்டைப்பெட்டியையோ உருளையையோ தரையில் உருட்டி, அதன்மேல் ஒரு பலகையை வைத்துப் பார்க்கலாம். உருளை ஒரு முழம் நகர்ந்தால் பலகை இரண்டு முழம் நகரும். இவ்வாறு பாயும் சக்கரத்தின் ஆரக்கால்கள், மின்விசிறியின் இறக்கைகள் போலக் காற்றை அள்ளி அள்ளிப் பக்கவாட்டில் வீசுகின்றன. அந்த வேலைக்கு வேண்டிய சக்தி மின்கலத்திலிருந்துதான் போகிறது. ஒரு காரின் மொத்தக் காற்றெதிர்ப்பில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு சக்கரங்களாலும் அவை அமர்ந்திருக்கும் குழிகளாலும் உண்டாகிறது என்று பொறியியலார் கணக்கிட்டுள்ளனர். ஆரக்கால்களின் இடைவெளியை அடைத்துச் சமமான தட்டாக்கினால் காற்று கலங்காமல் வழுக்கிச் செல்கிறது.

இந்த அறிவு ஒரே நாளில் வந்தது அன்று. 1899 ஏப்ரல் 29ஆம் நாள், பாரிசுக்கு அருகில் ஆஷேர் என்னுமிடத்தில், கமீல் ஜெனாட்சி என்ற பெல்ஜியர் ஒரு வாகனத்தை மணிக்கு 105 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் ஓட்டினார். மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டிய முதல் சாலைவாகனம் அதுவே. அது பெட்ரோலில் ஓடவில்லை, மின்சாரத்தில் ஓடியது. காற்றை வெல்வதற்காக அதன் உடலைச் சுறாமீன் போலக் கூராகச் செய்திருந்தனர். ஆனால் நான்கு சக்கரங்களும் வெளியே திறந்து கிடந்தன. ஓட்டுபவரோ இடுப்புக்கு மேல் முழுவதும் காற்றில் நீட்டிக்கொண்டு அமர்ந்திருந்தார்! படகைச் சீவிச் செதுக்கிவிட்டு, நங்கூரத்தை நீரில் தொங்கவிட்டு ஓட்டியது போன்ற கதை அது.

பெட்ரோல் கார்கள் இதைப் பற்றி இத்தனை காலமும் பெரிதாகக் கவலைப்படாததற்குக் காரணம் உண்டு. ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 9 யூனிட் மின்சாரத்துக்கு நிகரான சக்தி அடங்கியுள்ளது. இன்று நடுத்தர மின்சாரக் காரில் உள்ள 50 யூனிட் மின்கலம், சில நூறு கிலோ எடையிருந்தும், ஐந்தரை லிட்டர் பெட்ரோலின் சக்தியைத்தான் தாங்குகிறது. பெட்ரோல் எஞ்சின் தனக்குக் கிடைத்ததில் பாதிக்கும் மேல் வெப்பமாக வீணடித்துவிடும். மின்மோட்டார் அப்படி வீணாக்குவதில்லை என்பதால்தான் அந்த ஐந்தரை லிட்டரில் முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட முடிகிறது. கையிருப்பு சிறிதாகவும் மோட்டார் சிக்கனமாகவும் இருக்கும்போது, காற்று திருடும் ஒவ்வொரு சிறு பங்கும் கண்ணில் உறுத்துகிறது. செல்வந்தர் வீட்டில் சிந்தும் எண்ணெய்க்கும் ஏழை வீட்டில் சிந்தும் எண்ணெய்க்கும் உள்ள வேறுபாடு இது.

சக்கரத்தை மூடினால் பிரேக்குகள் சூடேறாவா என்று கேட்கலாம். நல்ல கேள்வி. ஆரக்கால்களுக்கு இடையே திறப்பு விட்டதே பிரேக்குக்குக் காற்றுப் படட்டும் என்பதற்காகவும்தான். மின்சாரக் காரில் வேகத்தைக் குறைக்கும்போது மோட்டாரே மின்னாக்கியாக மாறி, ஓட்டத்தின் சக்தியில் ஒரு பகுதியை மின்கலத்துக்குத் திருப்பி அனுப்புகிறது. ஆகவே பிரேக்குக்கு வேலை குறைவு, சூடும் குறைவு. நம் கரையோரத்தில் இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. உப்புக்காற்றில் நிற்கும் காரின் பிரேக் தட்டுகள், அடிக்கடி உரசப்படாததால் எளிதில் துருப்பிடிக்கும். அவ்வப்போது சற்று அழுத்தமாகப் பிரேக் போட்டுத் துருவைத் தேய்த்துவிடுவது நல்லது.

சரி, இந்த மூடியால் கிடைக்கும் ஆதாயம் எவ்வளவு? அமெரிக்க வாகன இதழ் ஒன்று, ஒரே காரை மூடியோடும் மூடியின்றியும் ஓட்டிப் பார்த்து, நூற்றுக்கு ஏறத்தாழ மூன்றரை பங்கு சக்தி மிஞ்சுவதாகக் கண்டது. முந்நூறு கிலோமீட்டர் ஓடும் காருக்கு இது பத்து, பன்னிரண்டு கிலோமீட்டர். அதுவும் நெடுஞ்சாலையில் மட்டுமே. ஜெர்மனியின் மெர்சிடிஸ் நிறுவனம் 2022 ஏப்ரலில் ஒரு சோதனைக் காரைத் தன் நாட்டிலிருந்து பிரான்சின் கடற்கரை வரை ஒரே மின்னேற்றத்தில் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிக் காட்டியது. அதில் சக்கர மூடியும் உண்டு; அதனோடு உடலமைப்பு, எடை, டயர் என நூறு சிறு சிக்கனங்களும் இருந்தன. மூடி மட்டும் அற்புதம் செய்வதில்லை. கடையில் மலிவாகக் கிடைக்கும் பிளாஸ்டிக் மூடியை வாங்கி மாட்டி இந்த ஆதாயத்தை எதிர்பார்ப்பது வீண்; காருக்கென்று வடிவமைக்கப்படாத மூடி வழியில் கழன்று விழாமலிருந்தாலே போதும்.

இதனை இவ்வளவு விரித்துரைப்பதற்குக் காரணம் இருக்கிறது. ஏரியின் முகத்துவாரம் தூர்ந்து, மீன்பாடு குன்றி வரும் நாளில், படகை விட்டு வாடகைக் கார் ஓட்டப் போகும் இளைஞர் நம் குப்பங்களில் பலர். அவர்களுள் சிலர் எரிபொருள் செலவு குறையும் என்று கடன் வாங்கி மின்சாரக் கார் எடுக்க எண்ணுகின்றனர். தாயின் நகை அடகுக்குப் போகும் விஷயம் இது. விளம்பரத்தில் காணும் தொலைவை அப்படியே நம்பிக் கணக்குப் போடலாகாது. 2025 ஜனவரியில் வெளிவந்த, நம் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்தில் செய்யப்படும் ஹூண்டாய் கிரெட்டா மின்சாரக் காருக்கு, பெரிய மின்கலத்தோடு 473 கிலோமீட்டர் என்று அப்போது சான்றளிக்கப்பட்டிருந்தது. காற்றை வழுக்கவிடும் சக்கரமும் உருளும் உராய்வு குறைந்த டயரும் அதில் உண்டு. நல்ல கார்தான். ஆனால் நம் நாட்டில் இத்தகைய சான்றுக்கான சோதனை, மணிக்கு 90 கிலோமீட்டரைத் தாண்டாத, பெரும்பகுதி மெதுவான ஓட்டத்தில், குளிர்சாதனம் இயங்காத நிலையில் நடப்பது. சித்திரை வெயிலில் நான்கு பேரை ஏற்றிக்கொண்டு விமான நிலையத்துக்கு விரையும் வண்டிக்கு அந்த எண் பொருந்தாது. அதில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துவிட்டு மாதத் தவணையைக் கணக்கிடுகிற குடும்பம் நிம்மதியாக உறங்கும்.

இன்னொன்றும் நம்மைத் தொடுகிறது. இந்தக் கார்கள் நகரத்தில் புகை கக்குவதில்லை என்பது உண்மை. ஆனால் இந்திய மின்சாரத்தில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு நிலக்கரியிலிருந்தே பிறக்கிறது. அந்த நிலக்கரி எரிக்கப்படும் இடங்களுள் வட சென்னை அனல் மின் நிலையமும் வல்லூர் நிலையமும் நமக்குத் தெற்கே, எண்ணூர்க் கழிமுகத்தை ஒட்டியே நிற்கின்றன. அங்கிருந்து கொசஸ்தலை ஆற்றில் கலந்த சாம்பல், மீனவர் வலைகளில் ஏறி, பசுமைத் தீர்ப்பாயம் வரை வழக்காகச் சென்றது. ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் 700 கிராம் நிலக்கரி எரிகிறது. நம் நாட்டு நிலக்கரியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சாம்பல். ஆண்டுக்கு 40,000 கிலோமீட்டர் நெடுஞ்சாலையில் ஓடும் கார் ஒன்று, இந்தச் சக்கர மூடியால் 200 யூனிட் மிச்சப்படுத்தலாம். 140 கிலோ நிலக்கரி, 45 கிலோவுக்கு மேல் சாம்பல். ஒரு சாக்கு மூட்டைதான். ஒரு லட்சம் கார்களுக்கு 4,500 டன்! சென்னையில் ஓடும் காரின் சிக்கனம் எண்ணூர் இறாலுக்குப் பயன்படுகிறது என்று எந்த விற்பனைத் தாளிலும் அச்சிடமாட்டார்கள்.

2015இல் 'லௌதாத்தோ சி' என்னும் திருமடலால் நம் பொதுவீட்டைப் பற்றிப் பேசிய திருத்தந்தை பிரான்சிசு, 2024 டிசம்பர் 4 அன்று முழுவதும் மின்சாரத்தில் ஓடும் வாகனத்தைப் பெற்றுக்கொண்டார். அது பெட்டி போன்ற உயரமான வண்டி. காற்றை வெட்டும் வடிவம் அதற்கு இல்லை. மக்கள் கூட்டத்தின் நடுவே நடை வேகத்தில் செல்லும் வாகனத்துக்கு அது தேவையும் இல்லை.

நம் இளைஞர்களின் வண்டி நெடுஞ்சாலை வண்டி. அவர்களுக்குச் சக்கர மூடியைவிடப் பெரிய ஆதாயம் செலவின்றியே கிடைக்கிறது. செங்குன்றத்தைத் தாண்டியதும் வேகமானியின் முள்ளை 100இல் வைக்காமல் 80இல் நிறுத்தினால், மின்கலத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் மிஞ்சும். வாரம் ஒருமுறை டயரில் காற்றின் அளவைப் பார்ப்பதற்கு ஐந்து நிமிடம் போதும். புதிய கார் வாங்குபவர் பளபளக்கும் பெரிய சக்கரத்தைக் கேட்டு வாங்காமல், நிறுவனம் கொடுக்கும் சிறிய சக்கரத்தையே வைத்துக்கொள்வது நலம். பெரியதும் அகலமானதும் காற்றுக்கு அதிகமாகக் கை நீட்டும்.