தூய்மையாகத் தரப்பட்ட ஆன்மா

மனிதன் பாவத்தோடு பிறப்பதில்லை என்பது யூத சமயத்தின் அடிப்படை நம்பிக்கை. 'இறைவா, நீ தந்த ஆன்மா தூய்மையானது' என்ற கருத்தை யூதர்கள் அன்றாடம் காலை வழிபாட்டில் சொல்கிறார்கள். நன்மையை நாடும் உந்துதல், தீமைக்கு இழுக்கும் உந்துதல் இரண்டும் எல்லோரிடமும் உண்டு. எதற்கு இடம் தருவது என்பது அவரவர் கையில்.

இந்தத் தேர்வில் வழிகாட்ட, யூதர்களின் புனித நூலான தோரா தரும் கட்டளைகள் 613 என்பது மரபு. செய்ய வேண்டியவை 248, விலக்க வேண்டியவை 365. ஒரு கட்டளையைக் கடைப்பிடித்தால் அது அடுத்த நற்செயலுக்கு அழைத்துச் செல்லும். ஒரு பாவம் மறு பாவத்துக்கு இழுத்துச் செல்லும். பாவம் பழகப் பழக உள்ளம் மழுங்கிப்போகும் என்கிறது யூதச் சட்ட விளக்க நூலான தல்மூத்.

ஆனாலும் மீளும் வழி அடைபடுவதில்லை. தவற்றை விட்டுவிட வேண்டும், மனம் வருந்த வேண்டும், இனிச் செய்வதில்லை என உறுதிகொண்டு, இறைவன் முன் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்றார் 12ஆம் நூற்றாண்டின் யூத அறிஞரும் மருத்துவருமான மைமோனிடிஸ். அதே தவற்றுக்கு மறுபடி வாய்ப்பு வந்தும் விலகி நிற்பவரே முழுமையாகத் திருந்தியவர்.

இன்னொன்று: அடுத்தவருக்கு இழைத்த தீங்கை, பாவ மன்னிப்புக்கான நாளான 'யோம் கிப்பூர்' நோன்புகூடப் போக்காது. பாதிக்கப்பட்டவரிடமே சென்று மன்னிப்புப் பெற வேண்டும்.