இறையிலியும் குடிநீக்கமும்

செல்வம் உழைப்பாலும் வாணிகத்தாலும் மட்டும் திரள்வதன்று; அதனை எப்பெயரில், எவ்வுரிமையோடு எழுதி வைக்கின்றனர் என்பதனாலும் திரள்வது. இலண்டன், சிங்கப்பூர், மொரீசியசு முதலிய நிதி நடுவிடங்களை ஆராய்வோர் இதனை வற்புறுத்துவர். தமிழ் மாணவர்க்கு இஃது அயற்செய்தியன்று. கீழ்பென்னாத்தூரிலிருந்து மேற்கே செல்வார் காணும் திருவண்ணாமலைக் கோயில் முதலாகக் கல்வெட்டுடைய கோயில்கள் பலவும் இப்பொருட்குச் சான்று தருவன.

கோயில் நில விலைகள் பல சண்டேசுவரர் பெயரால் எழுதப்பெற்றன. இறவாத ஒருவர் உடைமையாளராயின் பங்கீடும் இல்லை. பொருள் சிதறுதலும் இல்லை. விளக்கெரிக்க விட்ட 90 அல்லது 96 ஆடுகளைச் ‘சாவா மூவாப் பேராடு’ என்றனர். மெய்யாகவே ஆடு சாவாதா? சாகும். செத்ததற்கு ஈடு செய்யும் பொறுப்பு இடையனைச் சார்ந்தது. ஒரு சொல்லால் இழப்பனைத்தும் ஒருவன் தலைமேல் ஏறிய திறம் நோக்கத்தக்கது. தஞ்சைப் பெரிய கோயிற் பணத்தைக் கடனாகப் பெற்ற ஊர்ச்சபைகள் காசு ஒன்றுக்கு ஆண்டுதோறும் அரைக்கால் காசு, அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை, பலிசை செலுத்தின. முதல் என்றும் நிலைத்தது.

வரியிலும் இத்தகைய ஏற்பாடு உண்டு. ஒரு தொகையை முன்னரே பெற்றுக்கொண்டு, குறித்த நிலத்தின் இறையைத் தாமே இறுப்பதாகச் சபையார் உடன்படுவர். அந்நிலம் இறையிலியாம். பெற்ற பொருள் தீர்ந்தபின் அச்சுமை ஏனை நிலங்களின்மேல் விழுதல் இயல்பேயன்றோ? 1982-இல் இந்தியாவும் மொரீசியசும் செய்த வரி உடன்படிக்கையையும் இவ்வாறே நோக்கலாம். அத்தீவில் நிறுவனம் பதிந்து இந்தியப் பங்குகளை விற்றோரின் ஆதாயத்திற்கு ஈண்டும் வரியில்லை, ஆண்டும் வரியில்லை. 2016-இல் திருத்தம் செய்து, 2017 ஏப்பிரல் முதல் வாங்கும் பங்குகளுக்கு இவ்விலக்கை நீக்கினர். கோயில் வருவாய் விளக்காகவும் அமுதாகவும் அவ்வூரிலேயே செலவாயிற்று. தீவின் வழிச்சென்ற ஆதாயத்திற்கு அத்தகைய கடப்பாடில்லை. இவ்வேற்றுமையை மறத்தலாகாது.

உழவர் நிலையைக் காட்டுவன ‘குடிநீங்காத் தேவதானம்’, ‘குடிநீக்கிய தேவதானம்’ என்னும் தொடர்கள். முன்னதில் மீயாட்சி மட்டும் கோயிலுக்குச் சென்றது. காராண்மை பழைய உழவரிடமே நின்றது. பின்னதில் இரண்டும் சென்றன. ஈண்டுக் குடி என்பதற்குக் குடும்பம் எனப் பொருள்கொள்வார் இடர்ப்படுவர். அது வழிவழி வந்த உழவுரிமை. அவ்வுரிமை அழிந்தது என்பதே கல்வெட்டால் அமைவது. உழுதவர் ஊரைவிட்டே அகன்றனர் என எல்லாவிடத்தும் துணிதற்கில்லை. பலர் அந்நிலத்திலேயே கூலிக்கு உழுதிருத்தல் கூடும்.